இரவல் கடிகாரம்

நிவாரண அதிகாரி வரப்போகிற காலையில் லெய்சாவுக்குக் கவலையெல்லாம் சுவரைப் பற்றித்தான்.

கடிகாரம் மாட்டியிருந்த இடம் மட்டும் கரிப்புகை படியாமல் வெளேரென்று நின்றது. வயிற்றுக்கு இல்லை என்பதை வாயை மூடிக்கொண்டு மறைத்துவிடலாம். இந்தச் சுவரோ உள்ளே வருகிற எவனிடமும் ஒன்றுவிடாமல் சொல்லிவிடும் போலிருந்தது. முதலில் போனது தட்டு அலமாரி, அப்புறம் செம்புப் பாத்திரங்கள், கடைசியாகக் கடிகாரம். புருஷன் எலிஸின் அப்பா வைத்துவிட்டுப் போன கடிகாரம் அது. ஒரு முறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும். என்ன, கொஞ்சம் அவசரக்காரக் கடிகாரம், எப்போதும் முந்தித்தான் ஓடும்.

மழை கொட்டிய ஒரு சாயங்காலம் அதைச் சால்வையில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவது போல மார்போடு அணைத்துக்கொண்டு, மெய்ரிக் மூப்பரின் கடைக்குப் பின்வாசல் வழியாகப் போனாள். மெய்ரிக் சேப்பல் என்கிற ஜெபவீட்டில் மூப்பர், ஊரில் பெரிய மளிகைக்காரர், ஏழைகளுக்குப் படியளக்கும் போர்டில் உறுப்பினர். கடிகாரத்தை மலிவாக எடுத்துக்கொண்டார். "யாருக்கும் தெரிய வேண்டாம் மூப்பரே" என்று கெஞ்சியது அவள்தான். "என் வாயிலேருந்து வராதும்மா" என்றார் அவர். அந்த வாக்கை அவர் எவ்வளவு நன்றாகக் காப்பாற்றப்போகிறார் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

எலிஸ் அடுப்புப் பக்கம் போட்ட கட்டிலில் சாய்ந்திருந்தார். வேல்ஸ் மலையின் கற்பலகைக் குவாரியில் வாழ்நாள் பூராவும் பலகை பிளந்தவர். அந்தத் தூசு இப்போது அவர் நெஞ்சுக்குள் குடியிருந்தது. ராத்திரியில் இருமல் வந்தால் இடது தோளுக்கடியில் கையைக் கொடுத்து, நிமிர்த்தி, தலையை முன்னால் சாய்த்துப் பிடிக்க வேண்டும். படுத்தபடி விட்டால் மூச்சு அடைத்துவிடும். அப்படிப் பிடிக்கத் தெரிந்த ஆள் உலகத்தில் ஒருத்திதான்.

அதனால்தான் லெய்சாவுக்கு ஏழை விடுதி என்ற பேச்சே ஆகாது. விடுதி ஊருக்கு மேலே, மேட்டில் இருந்தது. அதற்கு ஆண்களுக்கு ஒரு வாசல், பெண்களுக்கு ஒரு வாசல். உள்ளே போனால் புருஷன் யாரோ, பெண்டாட்டி யாரோ. போர்டு மனது வைத்தால் வீட்டிலேயே இருந்துகொண்டு வாரப்படியும் ரொட்டியும் வாங்கிக்கொள்ளலாம். இத்தனை வருஷமாக இல்லாதவர்களுக்கு அப்படித்தான் கொடுத்து வந்தார்கள், லெய்சாவும் அதைத்தான் கேட்டிருந்தாள். இப்போது லண்டனிலிருந்து எவனோ ஒரு துரை வந்து, வீட்டுக்குக் கொடுப்பதைக் குறை, விடுதியைக் காட்டு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவன் சொல்லிவிட்டுப் போய்விட்டான், ஊர்தான் மாட்டிக்கொண்டது.

பின்கதவைத் தள்ளிக்கொண்டு டோர்ட்டி வந்தாள். அடுத்த வீட்டுக்காரி. வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட நீளம், கொடுக்கிற விஷயத்தில்.

"என்னடி சுவரு இது, ஆடு நக்கின மாதிரி?"

"பாக்காத மாதிரி இரேன்."

"நான் பாக்காம இருப்பேன். வர்றவன் பாக்க மாட்டானா? நம்ம தெருவுல ஒருத்தி மொட்டைச் சுவரோட உக்காந்திருக்கான்னு போர்டுல போய்ச் சொல்லுவான். நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்?"

அந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. போதகர் வீடு வீடாக வருகிற நாளில் வெள்ளைப் பீங்கான் தேநீர்க் கெண்டி ஒன்று பின்வாசல்கள் வழியாக அவருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். நல்ல மேசைத்துணியும் கூடவே ஓடும். போதகருக்கும் தெரியும். அதே உடைந்த மூக்குக் கெண்டியில் அத்தனை வீட்டிலும் தேநீர் குடித்துவிட்டு, அத்தனை வீட்டிலும் கெண்டியைப் புகழ்ந்துவிட்டுப் போவார். இல்லாதவள் வீட்டுக்குப் பெரிய மனுஷன் வந்தால் இருக்கிறவள் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். வருகிற ஆள் எதைப் பார்க்க வருகிறான் என்று யோசிக்கிற பழக்கம் அந்தத் தெருவுக்கு இல்லை. அதுவரை தேவைப்பட்டதும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் டோர்ட்டியின் கடிகாரம் வெள்ளைத் திட்டை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தது. பித்தளை விளக்குத்தண்டுகள் வந்தன. கொல்லன் பெண்டாட்டி உப்புக்கண்டம் போட்ட பன்றித்தொடை ஒன்றைக் கொண்டுவந்து உத்திரத்துக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனாள். "தொடாதே லெய்சா, பாக்கறதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, உடனே வெட்கப்பட்டு, "சரி, ஒரு துண்டு வெட்டிக்கோ" என்றாள்.

எலிஸ் கட்டிலில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தார். "எதுக்குடி... இந்த வேஷம்?"

"ஒரு மணி நேரம்தானே. பேசாம இருங்க."

"கேட்டா... என்ன சொல்லுவே?"

"யார் கேக்கப் போறாங்க?" என்றாள் லெய்சா. வீடு பழைய வீடு மாதிரி இருந்தது. உண்மையைச் சொன்னால், அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

நிவாரண அதிகாரி ஹம்ப்ரீஸ் கெட்ட மனிதர் இல்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டுதான் உள்ளே வந்தார். எலிஸின் மூச்சைக் கேட்டு முகத்தைச் சுளித்தார், அருவருப்பால் அல்ல. அப்புறம் கண் சுவருக்குப் போனது. அங்கிருந்து விளக்குத்தண்டுக்கு, அங்கிருந்து உத்திரத்துக்கு. பன்றித்தொடையில் கொஞ்ச நேரம் நின்றது.

"நல்லா வெச்சிருக்கீங்கம்மா வீட்டை."

"ஏதோ இருக்கு ஐயா." அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"இதெல்லாம் உங்களுதுதானே?"

வாசற்படியில் டோர்ட்டி நின்றாள். அவளுக்குப் பின்னால் கொல்லன் பெண்டாட்டி. அவர்கள் முன்னால், கொண்டுவந்து மாட்டிய பொருளைக் காட்டி, இல்லை ஐயா, இரவல் என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கு நாக்கு எழும்? போதகர் இப்படி ஒருநாளும் கேட்டதில்லையே!

"எங்களுதுதான் ஐயா" என்றாள் லெய்சா.

கட்டிலில் எலிஸ் கண்ணை மூடிக்கொண்டார். ஹம்ப்ரீஸ் தலையாட்டிவிட்டு, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போனார்.

போர்டின் முடிவு வர ஒரு வாரம் ஆனது. வீட்டில் போதுமான பொருள் இருப்பதால் வாரப்படி கிடையாது. உண்மையிலேயே கஷ்டம் என்றால் இருவரும் விடுதிக்கு வரலாம், கதவு திறந்திருக்கிறது. ஹம்ப்ரீஸ் வாசலில் நின்று இதைச் சொன்னபோது லெய்சாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அடுப்பு விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, அது எங்களுது இல்ல. இரவல். கடிகாரம் டோர்ட்டியோடது. அந்தத் தொடை கொல்லன் வீட்டுது. அன்னிக்கே திருப்பிக் குடுத்தாச்சு. வந்து பாருங்க, ஒண்ணுமே இல்ல!"

ஹம்ப்ரீஸ் உள்ளே வந்தார். மொட்டைச் சுவர். காலி உத்திரம். மேசையில் மோரில் ஊறிய ரொட்டி ஒரு கிண்ணம். அவர் முகத்தில் இரக்கம் வரும் என்று லெய்சா காத்திருந்தாள். வந்தது வேறு ஏதோ ஒன்று. அலுப்பு. நேராக அடுத்த வீட்டுக்குப் போனார். டோர்ட்டியின் சுவரில் அதே கடிகாரம் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"இது யாருது?"

"என்னுது! எங்கம்மா குடுத்தது!" என்றாள் டோர்ட்டி.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க." ஹம்ப்ரீஸ் பெருமூச்சு விட்டு, பின்னாலேயே ஓடிவந்த லெய்சாவின் பக்கம் திரும்பினார். "அம்மா, நான் இந்த வேலைக்கு நேத்து வரல. நான் வர்றேன்னு தெரிஞ்சா சாமானையெல்லாம் பக்கத்து வீட்டுல ஒளிச்சு வெக்கறது இந்த ஊர்ல புதுசா? நீங்க மறந்துட்டீங்க, நான் போனப்புறம் ஒளிச்சீங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

"ஐயையோ, அப்படி இல்ல ஐயா!"

"அப்போ அன்னிக்கு ஏன் உங்களுதுன்னு சொன்னீங்க? அன்னிக்குப் பொய்யா, இன்னிக்குப் பொய்யா?"

 டோர்ட்டி கெட்ட எண்ணம் துளியும் இல்லாதவள். ஆனால் தன் கையாலேயே அந்த இரண்டு பேரை மேட்டுக்குத் தள்ளிவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. சால்வை நுனியை வாயில் அடைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி அழுதாள்.

அப்போதுதான் லெய்சாவுக்கு மெய்ரிக் மூப்பர் நினைவு வந்தது. எலிஸின் கடிகாரம் எங்கே தொங்குகிறது என்று அவருக்குத் தெரியும். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். டோர்ட்டியின் வீட்டில் இருப்பது டோர்ட்டியுடையது என்று ஆகிவிடும்.

அடுத்த முறை விடுதியில் போர்டு கூடிய நாளில் மேட்டுக்கு ஏறிப் போனாள். நீண்ட மேசை. தலைப்பக்கம் போர்டுத் தலைவர் கேப்டன் துரை. அந்த வட்டாரத்தில் பாதி நிலம் அவருடையது, வேல்ஸ் மொழியில் ஒரு வார்த்தை அவருக்கு வராது. இரண்டு பக்கமும் தொப்பியை மடியில் வைத்துக்கொண்ட குடியானவர்கள். துரைக்கு மொழிபெயர்த்துச் சொல்கிற வேலை மெய்ரிக்குடையது. இரண்டு மொழியும் சரளமாக வருகிறவர் அவர்தான்.

லெய்சா எல்லாவற்றையும் சொன்னாள். கெண்டியின் கதையைக்கூடச் சொன்னாள். குடியானவர்களில் ஒருவர் சிரிப்பை அடக்கினார், அவர் வீட்டிலும் ஒரு கெண்டி ஓடியிருக்கும். கடைசியில் மெய்ரிக்கைப் பார்த்துச் சொன்னாள்.

"மூப்பரே, சொல்ல வேண்டாம்னு நான்தான் கேட்டேன். இப்போ சொல்லுங்க. என் புருஷனோட கடிகாரம் உங்க உள் கூடத்துச் சுவத்துல இருக்கு. துரைக்குச் சொல்லுங்க."

மெய்ரிக்கின் முகத்தில் ஈயாடவில்லை. சங்கடத்தில் இருந்த சபையாள் ஒருத்தியின் கடிகாரத்தை மலிவாக வாங்கி மாட்டிக்கொண்டவர் என்ற பேர் ஒரு மளிகைக்காரருக்கு அவ்வளவு நல்லதல்ல. தொண்டையைச் செருமிக்கொண்டு துரையின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் பேசினார். லெய்சாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் தான் அவ்வளவு நேரம் பேசியதை அவர் இரண்டே மூச்சில் முடித்துவிட்டார் என்பது தெரிந்தது. அவர் கை ஒரு தடவைகூடத் தன் நெஞ்சுப் பக்கம் போகவில்லை என்பதும் தெரிந்தது. துரை தலையசைத்தார். முடிந்தது.

மேசையைச் சுற்றி இருந்த குடியானவர்கள் அத்தனை பேருக்கும் அவள் பேசியது புரிந்திருந்தது. மெய்ரிக் பேசியதும் ஓரளவு புரிந்திருக்கும். அவர்களுடைய வெண்ணெயை வாங்குகிறவர் மெய்ரிக். எல்லாருக்கும் திடீரென்று மேசையின் மரம் மிகவும் பிடித்துப்போயிற்று. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே கதவருகில் நின்ற ஹம்ப்ரீஸ் அவளோடு படி வரை வந்தார்.

"கடிகாரத்தை அவர் சொல்லாம விட்டது எனக்குக் கேட்டுச்சும்மா" என்றார் மெல்ல.

"அப்போ உள்ள போய்ச் சொல்லுங்க ஐயா."

"என் சம்பளம் அந்த மேசையில இருந்துதான் வருது." அவர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. "பட்டினி கிடக்காதீங்க. வெள்ளிக்கிழமை காலைல விடுதிக்குப் போக வண்டி கொண்டு வரேன்."

வியாழக்கிழமை சாயங்காலம் சேப்பலில் ஆத்தும விசாரணைக் கூட்டம். வாராவாரம் நடப்பதுதான். போதகர் இருக்கை இருக்கையாக வந்து, இந்த வாரம் உன் ஆத்துமா எப்படி இருந்தது என்று கேட்பார். அவரவர் தன் பாவத்தைச் சொல்லலாம். அடுத்தவர் பாவத்தை இழுக்கக் கூடாது, அது கண்டிப்பு. மூப்பர்கள் மேடைக்குக் கீழே, சபையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். மெய்ரிக்கும் இருந்தார்.

போதகர் லெய்சாவின் முன் வந்து நின்றார்.

"நான் ஒரு பொய் சொன்னேன் ஐயா" என்றாள் அவள். குரல் கடைசி வரிசை வரை கேட்டது. "சுவத்துல இருந்த கடிகாரம் என்னுதுன்னு அதிகாரிகிட்ட சொன்னேன். அது டோர்ட்டியோடது. என்னுது மெய்ரிக் மூப்பரோட உள் கூடத்துல இருக்கு. நான்தான் கொண்டு போய்க் குடுத்தேன். மானத்துக்குப் பயந்து மறைச்சேன். அதுதான் என் பாவம். வேற யார் பாவத்தையும் நான் சொல்லல."

அங்கே மொழிபெயர்ப்புக்கு வேலையே இல்லை.  டோர்ட்டி மட்டும் "ஆமென்" என்றாள், கொஞ்சம் உரக்கவே. மெய்ரிக் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். லெய்சா வீட்டுக்கு வந்து எலிஸிடம் சொன்னாள், இனி அவர் வாயைத் திறந்துதான் ஆக வேண்டும், திறந்துவிடுவார் என்று. பல நாளுக்குப் பிறகு அன்று அவள் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் தண்ணீர் எடுக்கப் போய்த் திரும்பியபோது வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. அவளுக்குத் தன் பேரைவிட நன்றாகத் தெரிந்த சத்தம். வாளியை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

சுவரில், வெள்ளைத் திட்டுக்கு மேல், அவர்களுடைய கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலில் எலிஸ் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எத்தனையோ மாதமாக அந்த முகத்தில் காணாத சிரிப்பு.

"பாத்தியா லெய்சா? மெய்ரிக் வீட்டு வேலைக்காரப் பொண்ணு மாலி... கொண்டு வந்தா. நான்தான் மாட்டச் சொன்னேன். மூப்பர் மனசு... இளகிடுச்சு. அப்போ நம்பிட்டாங்க, இல்ல?"

லெய்சாவுக்கு ஒரு நொடி அப்படித்தான் தோன்றியது. ஒரே ஒரு நொடி. அதற்குள் வெளியே வண்டிச் சக்கரத்தின் சத்தம் வந்து நின்றது. ஹம்ப்ரீஸ் உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றி, சுவரைப் பார்த்தார்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. மெய்ரிக்கின் உள் கூடத்தில் இப்போது கடிகாரம் இல்லை. அவள் வீட்டில் இருந்தது. இனி எவன் போய்ப் பார்த்தாலும் லெய்சாதான் பொய்க்காரி. கடிகாரம் உங்களுதா என்று அன்று கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை மெய்ரிக் மூப்பர் வாயே திறக்காமல் உண்மையாக்கி அனுப்பியிருந்தார்.

டோர்ட்டி பின்கதவால் பாய்ந்து வந்தாள். "இப்பத்தான் அந்தாளு அனுப்பிச்சான்! நான் என் கண்ணால பாத்தேன்! மாலி சால்வைக்குள்ள மறைச்சு எடுத்துட்டு வந்தா!"

"நான் நம்பறேன்மா" என்றார் ஹம்ப்ரீஸ். "நான் நம்பி என்ன பண்ண? நான் வர்றப்போ சுவத்துல என்ன இருக்கோ அதைத்தான் நான் சொல்ல முடியும். விடுதிக்கு வர்றவங்க பொருளும் போர்டுக்குத்தான் சேரணும், ஏலம் விட. அதையும் ஏத்தணும்."

"ஏலத்துல யார் எடுப்பான்னு எனக்குத் தெரியாதா?" என்று கத்தினாள் டோர்ட்டி. ஹம்ப்ரீஸ் வண்டிக்காரனை உள்ளே கூப்பிட்டார்.

எலிஸைப் போர்வையோடு தூக்கி வைக்கோல் மேல் படுக்கவைத்தார்கள். கடிகாரத்தைச் சாக்கில் சுற்றி அவர் கண்ணில் படாமல் கால்மாட்டில் வைத்தான் வண்டிக்காரன். தெருப் பெண்கள் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பார்க்காமல் இருப்பதுதான் அவர்கள் கொடுக்க முடிந்த கடைசி இரவல். டோர்ட்டி மட்டும் மேடு வரை வண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

விடுதியில் இடது பக்கம் ஆண்கள் வாசல். எலிஸை வாங்கிக்கொள்ள ஒரு கிழவன் வந்தான், அவனும் விடுதிக்காரன்தான், சாம்பல் நிறச் சட்டை போட்டிருந்தான். லெய்சா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, இருமல் வந்தா இடது தோளுக்கு அடியில கையைக் குடுக்கணும். இப்படி. நிமித்தித் தலையை முன்னால சாய்க்கணும். படுக்க விட்டுடாதீங்க. இப்படிப் பாருங்க, இப்படி."

"எங்க வரிசையில நாப்பது பேரும்மா" என்றான் அவன். கடுமையாகச் சொல்லவில்லை. இருக்கிறதைச் சொன்னான்.

எலிஸ் அவள் சால்வை நுனியைப் பிடித்துக்கொண்டார். "எத்தனை நாளைக்குடி?"

"கொஞ்ச நாள்தான். மூப்பர் போர்டுல பேசறவரைக்கும்." அவள் குனிந்து அவர் காலரைச் சரிசெய்தாள். "நம்ம கடிகாரத்துக்கு முழுசா சாவி குடுத்துட்டு வந்திருக்கேன். அது நிக்கறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம்."

"அது முந்தித்தான்... ஓடும்" என்று சிரித்தார் எலிஸ்.

"அப்போ இன்னும் சீக்கிரம்."

சால்வை நுனியை அவரே விட்டார். கிழவன் அவரை உள்ளே கொண்டுபோனான். முந்தின நாள் சபை நடுவில் ஒரு பொய்க்காக மன்னிப்புக் கேட்ட லெய்சா, இந்தப் பொய்க்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டு, வலது பக்கத்து வாசலை நோக்கி நடந்தாள். பின்னால் வண்டிக்காரன் சாக்கை இறக்கிக்கொண்டிருந்தான். அதற்குள்ளே கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.